பின்பக்கம் இடதுபுறம் இறங்குகிறது என்று முதல் நாளே சொன்னேன்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.
பெறுநர்: தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, இந்தியத் தலைமை அலுவலகம்.
நகல்: பொது மேலாளர், கோவை ஷோரூம் மற்றும் சர்வீஸ் சென்டர்.
நாள்: 10.11.2025

பொருள்: 2019 மாடல் டீசல் எஸ்யூவி, ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைக் காற்றுப் பைகளில் தாங்கி நிறுத்தும் அமைப்பு) பழுது, ஐந்து மாத அலைக்கழிப்பு. வண்டியைச் சரிசெய்து தரவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் ஐந்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஐந்துக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான்காவது மின்னஞ்சலுக்கு மறுநாள் மட்டும், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. அன்றைக்கு என் வண்டி உங்கள் கோவை யார்டில் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இன்றோடு 68 நாள் ஆகிறது. அதனால்தான் இந்தத் தடவை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். இந்த வண்டி மண்டி பெயரில் இல்லை, என் பெயரில் இருக்கிறது. குடும்பத்துக்காக வாங்கியது. யாரோ புரோக்கரிடமோ ஆன்லைனில் பார்த்தோ வாங்கவில்லை. 14.03.2024 அன்று உங்கள் ஷோரூமிலேயே, நீங்களே பரிசோதித்துச் சான்று கொடுத்த பழைய வண்டி என்று ₹41,00,000 கொடுத்து வாங்கினேன். ஒரு வருட வாரண்டி போக இன்னொரு வருடத்துக்குத் தனியாக ₹1,18,000 கட்டினேன். வெளியே இதைவிட நான்கைந்து லட்சம் குறைவாகக் கிடைத்தது. கம்பெனி சான்று இருக்கிறதே என்றுதான் உங்களிடம் வந்தேன்.

பழைய சொகுசு வண்டி என்றால் என்ன செலவு என்று தெரியாமல் வாங்கவில்லை. வருஷம் ஆக ஆக வண்டியின் விலைதான் இறங்கும், பாகத்தின் விலை இறங்காது. நாற்பத்தொரு லட்சத்துக்கு வாங்கினாலும் பிரேக் டிஸ்க்குக்குப் புது வண்டிக்காரர் கொடுக்கிற விலையைத்தான் நானும் கொடுக்க வேண்டும். அது தெரியும், கொடுத்தேன். ஆயில் சர்வீஸ் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் ஒரு டயர் வெடித்தபோது நான்கையும் மாற்றினேன். பேட்டரியை வெளியே பாதி விலைக்கு வாங்கியிருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் உங்களிடமே போட்டேன். புகைக் குழாயில் இருக்கிற ஃபில்டரில் கரி அடைக்கக் கூடாதே என்று வாரம் ஒருமுறை வேலை இல்லாவிட்டாலும் பைபாஸில் நாற்பது நிமிஷம் ஓட்டிவிட்டு வருவேன். என் சர்வீஸ் ரெக்கார்டு முழுக்க உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

கடந்த மே மாதம் ஒரு நாள் காலையில் வண்டி பின்பக்கம் இடதுபுறம் சாய்ந்து நின்றது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. ராத்திரி நிறுத்தும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் போகும். காலையில் ஒரு விரல்தான் போகும். இதைத்தான் 09.06.2025 அன்று கோவைக்கு வந்து சொன்னேன். "பின்பக்கம் இடதுபுறம், ராத்திரியில் இறங்குகிறது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நகல் இணைத்திருக்கிறேன்.

உங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு சஸ்பென்ஷனுக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரசர் வீக் என்றார்கள். கம்ப்ரசர் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்றார்கள். ₹1,42,600 கட்டினேன். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அதே இடது பக்கம், அதே ஒரு விரல்.

இந்த வண்டியைச் செய்தவர்கள் நீங்கள். காற்று எங்கேயோ கசிந்தால் அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், ஓடி ஓடிச் சூடாகிக் கருகும் என்பதை நானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்? கசிவை அடைக்காமல் புதுக் கம்ப்ரசர் மாட்டினால் அதுவும் போய்ச் சேரும் என்பது உங்களுக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் லாரிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து, வண்டிக்கு அடியில் படுத்து, இடது பக்க ஏர் பெல்லோவின், அதாவது காற்று நிற்கிற ரப்பர் பையின், மடிப்பில் ஊற்றினார். டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் மடிகிற இடத்தில் கடுகு கடுகாக நுரை கிளம்பிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷ வேலை. காசுகூட வாங்கவில்லை. அதை வீடியோ எடுத்து உங்கள் சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 17 அன்று மறுபடி வந்தேன். கம்ப்யூட்டர் காட்டிய பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க சார்" என்று அனுப்பினார்கள். ஓட்டிப் பார்த்தேன். இறங்கியது. ஆகஸ்ட் முழுக்கப் போன் போட்டேன். கோவையில் கேட்டால் "கம்பெனி அப்ரூவல் வரலை" என்றார்கள். உங்கள் கால் சென்டரில் கேட்டால் "டீலரைக் கேளுங்கள்" என்றார்கள். ஒரே நாளில் மூன்று முறை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

இப்போது செப்டம்பர் 1 பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் கடிதத்தை அதிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை திருவோணம். எங்கள் மார்க்கெட்டில் வருஷத்திலேயே பெரிய வாரம் அதுதான், கேரளா லோடு ராப்பகலாகப் போகும். "பார்ட் வந்துடுச்சு, திங்கட்கிழமை காலைல வந்தா சாயங்காலம் எடுத்துட்டுப் போயிடலாம்" என்று உங்கள் ஆபீஸிலிருந்துதான் கூப்பிட்டார்கள். நானாகக் கேட்கவில்லை. வருகிறதுதான் வருகிறோம், முட்டியையும் கோவையில் காட்டிவிடலாம் என்று 76 வயதான அப்பாவையும் ஏற்றிக்கொண்டேன். டேஷ்போர்டில் எச்சரிக்கை எரிய எரிய, தாராபுரம், பல்லடம் வழியாக ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓட்டி வந்து சேர்ந்தேன்.

காலை 9.10க்கு உள்ளே வந்தோம். மதியம் 3.40 வரைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு தடவை காபி கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. 3.40க்கு அந்த அட்வைசர் வந்து, வந்திருப்பது முன்பக்கத்துக்கான பெல்லோ, பின்பக்கத்துக்கு மறுபடி ஆர்டர் போட வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார். சேசிஸ் நம்பரைத் தட்டினால் எந்தப் பாகம் என்று உங்கள் கம்ப்யூட்டரே காட்டும். ஜாப் கார்டில் "பின்பக்கம்" என்று எழுதியிருக்கிறது. வீடியோ இருக்கிறது. அப்புறம் எப்படி முன்பக்கம் வந்தது என்று கேட்டேன். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. அதற்கு அவர், வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, அப்பா பக்கத்தில் இருக்க, சொன்னது இது:

"சார், புதுசு வாங்க முடியாம செகண்ட்ஸ்ல எடுக்கறவங்க எல்லாம் இப்படித்தான் வந்து நிக்கறாங்க. மெயின்டெயின் பண்ண முடியலைன்னா வித்துடுங்க."

செகண்ட்ஸ் என்று எனக்கு விற்றது யார்? உங்கள் ஷோரூம்தானே? சாவி கொடுத்த அன்று வண்டிக்கு ரிப்பன் கட்டி, என் பெண்டாட்டி பிள்ளைகளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, "எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு" என்று போட்டவர்கள் நீங்கள்தானே? அந்தக் குடும்பத்தில் இரண்டாவதாக வந்தவனுக்கு இதுதான் மரியாதையா? நாற்பத்தொரு லட்சம் என் பணம். முருங்கைக்காய் மூட்டைக்கு நடுவே விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நின்று சம்பாதித்த பணம். புது வண்டி வாங்கியவர் கட்டுகிற அதே லேபர் சார்ஜ், அதே ஜி.எஸ்.டி.யைத்தான் நானும் கட்டுகிறேன். எனக்கென்று தனி ரேட் கார்டு எதுவும் நீங்கள் வைத்திருக்கவில்லை.

அப்பா அங்கே ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வேண்டாம் என்றார். அந்த நேரத்துக்கு டாக்டரும் போயிருப்பார். திரும்பினோம். தாராபுரம் தாண்டுவதற்குள் கம்ப்ரசர் மொத்தமாக நின்றுவிட்டது. வண்டி நான்கு பக்கமும் இறங்கி, ஒரு வேகத்தடையில் அடி தட்டி நின்றது. ராத்திரி எட்டு மணி. முட்டியை மடக்க முடியாத மனிதர், சீட்டு அவ்வளவு கீழே போனதும் எழுந்திருக்க முடியாமல் தவித்தார். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மனிதர் அப்படியும் என்னைத்தான் தேற்றினார், "பரவால்ல விடு" என்று. எனக்கு இன்னும் விடவில்லை.

அன்று நான் மண்டியில் இல்லாததால் பதினெட்டு வருஷமாக என்னிடமே சரக்கெடுத்த பாலக்காட்டு வியாபாரி வேறு கடைக்குப் போய்விட்டார். அந்த ஒரு நாளில் எனக்குப் போனது பத்து லட்சத்துக்குக் குறையாது. மார்க்கெட்டில் என் பெயரே கெட்டுவிட்டது. இதற்கெல்லாம் பில் கிடையாது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

செப்டம்பர் 3 அன்று ₹9,500 கொடுத்து வண்டியைத் தூக்கி வைத்துக் கொண்டுவரும் லாரியில் உங்களிடம் அனுப்பினேன். அதற்கு நீங்கள் கொடுத்த எஸ்டிமேட் ₹4,31,000. பின்பக்க பெல்லோ இரண்டு, மறுபடியும் ஒரு கம்ப்ரசர். மூன்று மாதம்கூட ஆகாத கம்ப்ரசருக்கு வாரண்டி இல்லையா என்றால், "பெல்லோ லீக்கால் கருகியது, பாகத்தின் குறை அல்ல" என்று எழுதியே கொடுத்திருக்கிறீர்கள். ரொம்ப நன்றி, அந்தத் தாள் எனக்கு வேண்டும். லீக் இருக்கிறது என்று ஜூன் 9 அன்றே நான் சொன்னதை இப்போது நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் ஜூன் மாதம் என்னிடம் ₹1,42,600 எதற்கு வாங்கினீர்கள்? அதற்கும் பதில் சொல்லிவிட்டு இந்த ₹4,31,000ஐக் கேளுங்கள். பெல்லோ ரப்பர், ரப்பருக்கு வாரண்டி இல்லை என்கிறீர்கள். கம்ப்ரசர் தேய்மானம் என்கிறீர்கள். நான் தனியாகக் கட்டிய ₹1,18,000 எந்தப் பாகத்துக்குத்தான் பொருந்தும் என்று எழுதிக் கொடுங்கள்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. ஐந்து மாதம் முன்பு வரை இந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் உங்களிடமே வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மலைப்பாதையில் அது ஏறுகிற அழகு இன்னும் எனக்குப் பிடிக்கும். தயவுசெய்து பெல்லோ இரண்டும், கம்ப்ரசரும், காற்றைப் பிரித்து அனுப்புகிற வால்வு பிளாக்கும் பார்த்து, என்னிடம் மேற்கொண்டு ஒரு ரூபாய் வாங்காமல் வண்டியைச் சரிசெய்து கொடுங்கள். ஜூன் மாதம் வாங்கிய ₹1,42,600ஐயும் லாரி வாடகை ₹9,500ஐயும் திருப்பிக் கொடுங்கள். அந்த அட்வைசர் எனக்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டாம். அப்பாவுக்குப் போன் செய்து பேசினால் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அதோடு நிற்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கோ உங்கள் தலைமை அலுவலகத்துக்கோ நான் அலைய வேண்டியதில்லை, நீங்கள்தான் திண்டுக்கல்லுக்கு வர வேண்டியிருக்கும். ஜாப் கார்டு, வீடியோ, லீக்கை நீங்களே ஒப்புக்கொண்ட தாள் எல்லாம் வக்கீலிடம் காட்டியாயிற்று. அங்கே போனால் இந்த ஒன்றரை லட்சத்தோடு மன உளைச்சலுக்கு ஐந்து லட்சமும் சேர்த்துத்தான் கேட்பேன். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள் 3, பில், எஸ்டிமேட், லாரி ரசீது, வீடியோ உள்ள பென் டிரைவ்.

பி.கு.: போன வாரம் யார்டில் போய்ப் பார்த்தேன். வண்டியை வேப்ப மரத்தடியில் திறந்தவெளியில் விட்டிருக்கிறீர்கள். ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கிறது. சன்ரூஃப் ஓரமெல்லாம் இலை. அந்த வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி வயரிங்கில் போய் நிற்கும், அது உங்களுக்கே தெரியும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எப்போது எழுதினாலும் சரி, வண்டியை இன்றைக்கே ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு, இலையைக் கூட்டிவிட்டு, பேட்டரிக்கு சார்ஜர் போட்டு வையுங்கள். அப்புறம், ஜூலையில் டயர் மாற்றிப் போட்டபோது எடுத்த வீல் லாக் நட் அடாப்டரை டிக்கியில் திருப்பி வைக்கவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன். அது இல்லாமல் பங்க்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற முடியாது.