சர்டிபிகேட் தராத பள்ளிக்கூடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டு டேனிஷ் இலக்கியம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆண்டர்சனுக்கு முக்கால் பக்கம். சரி, அவர் கதை கேட்காத பிள்ளை உண்டா? ஆனால் குருண்ட்விக் என்கிற கவிஞருக்கு 'பாதிரியார், பக்திப் பாடல்கள் எழுதியவர்' என்று ஒரே வரி. செம்பூரில் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த ஒரு வரியோடு பக்கத்தைத் திருப்ப மனசு வரவில்லை.

பக்திப் பாடல்கள் எழுதியது உண்மைதான், சுமார் 1,500. இன்றைக்கு டேனிஷ் தேவாலயங்களில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தில், அவர் எழுதியதும் மொழிபெயர்த்ததும் சேர்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவருடையது. நம் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாருக்குக் கிட்டத்தட்ட சமகாலத்தவர். சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை, இவர் 1783 முதல் 1872 வரை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள். அவர்களில் தமிழ் எழுத்தே தெரியாத ஒரு பெண் சாஸ்திரியார் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடுவாள், பாட்டி பாடிக் கேட்டது. குருண்ட்விக் சொன்னதும் இதைத்தான்: மொழி முதலில் வாயில் இருக்கிறது, ஏட்டில் அப்புறம்தான் வருகிறது. 'உயிருள்ள சொல்' என்பது அவருடைய பேச்சு.

அவர் படித்தது ஆர்ஹூஸ் நகரத்து லத்தீன் பள்ளியில். அந்த மாதிரிப் பள்ளிகளைச் 'சாவுக்கான பள்ளி' என்றே பிற்காலத்தில் திட்டினார். லத்தீன் வராத கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், சாக்ஸோ என்கிற இடைக்கால எழுத்தாளர் லத்தீனில் எழுதிய பழைய டேனிஷ் வரலாற்றைச் சாதாரண ஜனங்கள் படிக்கட்டும் என்று டேனிஷில் மொழிபெயர்த்தவரே இவர்தான். வாயும் கொஞ்சம் நீளம். 1825இல் ஓர் இறையியல் பேராசிரியரைத் தாக்கி எழுதி, அவதூறு வழக்கில் தோற்று, அடுத்த ஆண்டு ஆயுள் தணிக்கைக்கு ஆளானார். அச்சுக்குப் போகும் எதையும் முதலில் காட்டி அனுமதி வாங்கவேண்டும், 1837இல்தான் அது விலகியது. அந்த இடைவெளியில் பழைய ஆங்கிலச் சுவடிகளைப் பார்க்க மூன்று முறை இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் வாத்தியாரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தது அவர் மனதில் நின்றுவிட்டது.

அதிலிருந்து வளர்ந்ததுதான் மக்கள் உயர்பள்ளி என்ற யோசனை. பதினெட்டு வயது தாண்டிய விவசாய வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கித் தாய்மொழியில் கதையும் வரலாறும் பாட்டும் கேட்டுப் பேசிப் பழகுவார்கள். நுழையத் தேர்வு கிடையாது, முடிக்கவும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. முதல் பள்ளியை 1844 நவம்பரில் ரோடிங்கில் திறந்தவர் குருண்ட்விக் அல்ல, அவர் எழுத்தால் உந்தப்பட்ட வேறு ஆட்கள். இடம்தான் முக்கியம். ரோடிங் இருந்தது டேனிஷும் ஜெர்மனும் உரசிக்கொள்ளும் எல்லைப் பகுதியான ஸ்லெஸ்விக்கில்: வீட்டிலும் வயலிலும் டேனிஷ், கோர்ட்டிலும் சர்க்கார் ஆபீஸிலும் பள்ளி திறக்கச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஜெர்மன். 1864 போரில் டென்மார்க் தோற்று அந்த ஊர் ஜெர்மன் நாடான பிரஷ்யாவிடம் போனதும், பள்ளியைப் புது எல்லைக்கு டென்மார்க் பக்கம் ஆஸ்கோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டில் தமிழ், ஆட்டோவில் இந்தி, வார்டு ஆபீஸில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் மும்பைப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவனுக்கு இது எவ்வளவு நெருக்கமான கதை என்று கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. ரோடிங்கில் முதல் குளிர்கால வகுப்பு நடந்துகொண்டிருந்த 1845 பிப்ரவரியில்தான், டென்மார்க் நம் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. தமிழ்ப் பத்திரிகையில் டேனிஷ் இலக்கியம் எழுதும்போது தரங்கம்பாடிக்கு ஒரு வரியாவது வேண்டாமா?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு படபடப்பு என்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெற்றோர் கேட்டார்களே என்று நாங்களும் தேர்வு வைத்தோம், மார்க் போட்டோம், வண்ணத்தில் சான்றிதழ் அடித்துக் கொடுத்தோம். ஒற்றெழுத்துக்கு மார்க் குறைத்ததும் சின்னதுகள் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டன, பாதிப் பேர் வரவும் இல்லை. இப்போது தேர்வு இல்லை. யாராவது ஒரு தாத்தாவோ பாட்டியோ வந்து ஊர்க் கதை சொல்கிறார்கள், பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்கிறார்கள், பிறகு அதிலிருந்து நாலு வரி எழுதுகிறார்கள். தப்புத் தப்பாகத்தான் எழுதுகிறார்கள், ஆனால் எழுதுகிறார்கள். போன மாதம் ஓர் அப்பா வந்து, "சர்டிபிகேட்டே இல்லேன்னா ஞாயித்துக்கிழமையை எதுக்கு சார் வீணாக்கணும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

குருண்ட்விக்கைத் தலையில் வைத்து ஆடவும் நான் தயாரில்லை. எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர். அவருடைய டேனிஷ் பெருமை பல இடங்களில் ஜெர்மன் வெறுப்பாகவே முடியும். மொழிப் பெருமை சூடேறினால் தெருவில் என்ன நடக்கும் என்பதை, அறுபதுகளில் மும்பையில் இருந்த தமிழ்ப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

கட்டுரையாளருக்கு இன்னொரு அரைப் பக்கம் ஒதுக்கி, அந்தப் பள்ளிகளைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லுங்கள். வெட்டியெடுத்து அந்த அப்பாவிடம் கொடுக்கவேண்டும். அவர் இன்னும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை