செவலைக்கு ஒரு டாக்டர்

புரசைவாக்கம்,
சென்னை.

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்து நாளாயிற்று. இவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவதிலேயே என் பொழுது போய்விட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது என்கிறார், காலையில் பேப்பரை எடுத்தால் கீழே வைப்பதில்லை. அண்ணாச்சியின் முழங்கால் வலியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாப் பக்கமும் உன் நாய்க்குட்டி செவலையின் புராணம்தான். படிக்கப் படிக்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ராஜி கல்யாணமாகிப் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பதை நினைத்து நான் பலநாள் வருந்தியதுண்டு. வாய்க்கால் பாலத்தடியில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தாயே, நல்ல காரியம் செய்தாய்.

கடைசியில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். பென்ஷன் பணத்தில் இது கட்டுபடியாகுமா, எந்த டாக்டரிடம் காட்டுவது என்று. நாய் வைத்தியத்துக்கு ஒரு தடவை போனால் பத்தாயிரம் பழுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பழுக்கும்தான், நோய் முற்றிய பிறகு, முன்பின் தெரியாத இடத்துக்கு ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினால். அதனால்தான் சொல்கிறேன், குட்டி துள்ளிக்கொண்டு திரியும்போதே டாக்டரைப் பார்த்து வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடு.

முதலில் அவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தானா என்று பார். பி.வி.எஸ்சி. பட்டமும் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நாய் விற்கிற இடத்திலும் தீனிக் கடையிலும் அவர்களே ஊசி போட்டு அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்தாக வேண்டியது. வெளியே கிடந்து சூடேறிய மருந்தைப் போட்டால் காசும் போகும், குட்டிக்குப் பாதுகாப்பும் இருக்காது. ஒழுங்கான டாக்டர் உன் கண் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பார். குப்பியில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டை உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தருவார்.

அப்புறம் அவர் கையைப் பார். எடை போடுகிறாரா, உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்கிறாரா, வயிற்றை அமுக்கிப் பார்க்கிறாரா, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்க்கிறாரா? குட்டியைத் தொடாமலே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மருந்து எழுதுகிறவர் எவ்வளவு குறைவாக ஃபீஸ் வாங்கினாலும் வேண்டாம். ஏ.சி.யையும் சோபாவையும் வைத்து முடிவு செய்யாதே. நான் எங்கள் நாய் மணியைக் காட்டுகிற டாக்டரம்மாவுக்கு ஒற்றை அறைதான், வாசலில் ஒரு பெஞ்சு. ஆனால் என்னோடு பேசிக்கொண்டே அவனைத் தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்து முடித்திருப்பார்.

எல்லாவற்றையும்விட, காசைப் பற்றிக் கேட்டால் டாக்டர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று கவனி. ஏட்டி, டாக்டரிடம் ‘எவ்வளவு ஆகும்’ என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். நகைக்கடையில் சேதாரத்துக்கு அரை மணி நேரம் வாதாடுவோம், ஆஸ்பத்திரியில் நீட்டிய பில்லுக்குப் பேசாமல் பணம் எடுப்போம். நாய் வைத்தியத்தில் இந்தக் கூச்சம் ஆகவே ஆகாது. முதல் நாளே சொல்லிவிடு: “நாங்கள் பென்ஷன்காரர்கள். எங்களால் இவ்வளவுதான் முடியும். எது உடனே செய்ய வேண்டியது, எது காத்திருக்கலாம் என்று சொல்லுங்கள்.” அக்கறையுள்ள டாக்டருக்கு இதைக் கேட்டால் கோபம் வராது. உன் கையிருப்பு தெரிந்தால்தான் அதற்குள் அடங்குகிற வழியை அவரால் யோசிக்க முடியும். ஏதாவது சோதனை எழுதினால், “இதன் முடிவைப் பார்த்து மருந்து மாறுமா?” என்று கேள். மாறும் என்றால் தயங்காமல் எடு. மாறாது என்றால் எதற்கு எடுக்க வேண்டும் என்று அவர் விளக்கட்டும். அறுவை என்றால் மயக்க மருந்து, தையல், பிறகு கட்டு மாற்றுவது எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள். ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் போட்டு வை. வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அதே சோதனைக்கு மறுபடியும் காசு கொடுக்க வேண்டியிருக்காது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு லாப்ரடார் விடாமல் வாந்தி எடுத்தது. கொண்டுபோன இடத்தில் ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரே என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்து, அங்கேயே தங்கவும் வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தனையும் தேவைதான் என்று தெரிந்திருக்கலாம், பாதி போதும் என்றும் தெரிந்திருக்கலாம். எதுவும் புரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, இனி டாக்டர் பக்கமே போகப் போவதில்லை என்கிறார். அந்த நாயை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உன் பக்கத்திலேயே ஒரு பெரிய வசதி இருக்கிறது, நீ அதைப் பற்றி எழுதவே இல்லை. திருநெல்வேலியில் சங்கரன்கோவில் ரோட்டில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே! எனக்கு இங்கே வேப்பேரி கல்லூரி எப்படியோ, உனக்கு அது. வேப்பேரி 1903-இல் தொடங்கியது. ராமையன்பட்டி அதற்கு நூறாண்டுக்கு மேல் இளையது, ஆனால் இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் அறுவைக்குத் தனித் துறை, மருத்துவத்துக்குத் தனித் துறை, பிரசவம் கர்ப்பப்பை விஷயங்களுக்குத் தனித் துறை. ஒவ்வொன்றிலும் அதையே படித்த பேராசிரியர்கள் இருப்பார்கள். தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. அதற்கு ஈடாக நீ கொடுப்பது நேரம். மாணவர்கள் முதலில் பார்ப்பார்கள், கேட்டதையே திரும்பவும் கேட்பார்கள், அரை நாள் போய்விடும். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடு. சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் பாளையங்கோட்டையிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆட்டோ கூலியே டாக்டர் ஃபீஸைத் தாண்டிவிடும். பக்கத்தில் ஒருவரை வழக்கமான டாக்டராக வைத்துக்கொள், கருத்தடை, எலும்பு முறிவு மாதிரிப் பெரிய வேலைகளுக்குக் கல்லூரிக்குப் போ.

அரசு கால்நடை மருந்தகத்தையும் ஒதுக்காதே. அங்கே மாடும் ஆடும்தான் அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனால் வெறிநோய் ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் காயத்துக்கும் அங்கேயே போகலாம். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய தேதிகளை ஒட்டிப் பல ஊர்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போடுவார்கள். முதலாவது, 1885-இல் விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட்ட நாள். மற்றது அவர் காலமான நாள். காலண்டரில் குறித்து வை.

ஊசியில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. செவலைக்கு இரண்டு மாதம் இருக்கும் என்கிறாய். பல நோய்களுக்கும் சேர்த்துப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியை இப்போதே தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். மூன்று மாத வயதானதும் வெறிநோய் ஊசி. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து ரத்தமாகப் பேதியானால் நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், அப்படியும் பிழைப்பது நிச்சயமில்லை. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிடாதே. குட்டி விளையாட்டாகக் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேள். தெருவிலிருந்து வந்த குட்டி, இன்னும் ஊசி போடாதது. அண்ணாச்சி ‘ஒன்றும் ஆகாது’ என்பார், அவர் பேச்சைக் கேட்காதே.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், நம் ஊர் நாய்களை அதிகம் படுத்துவது அதுதான். பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. ரத்தம் குடித்த பெட்டை உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அவை மறுபடி ஏறும். உங்கள் வீட்டுப் பின்கட்டில் சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்திருக்குமே, அதை முதலில் பூசச் சொல். படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசு. உண்ணி மாத்திரை விலை கூடுதல்தான், எடைக்குத் தகுந்தபடி விலை ஏறும். ஆனாலும் உண்ணிக் காய்ச்சல் வைத்தியத்துக்கு ஆகும் செலவை நினைத்தால் அது லாபம்.

மணிக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. சோற்றைத் தொடவில்லை, ஈறு வெளுத்துவிட்டது, பிறகு மூக்கில் ரத்தம். டாக்டரம்மா முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் வெகுவாக இறங்கியிருந்தன. மற்றச் சோதனைகளை, மருந்துக்கு அடங்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொடுத்தது டாக்ஸிசைக்ளின், நமக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. இந்த இடத்தில்தான் காசு மிச்சமாகும், கேட்டுக்கொள். மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லி வாங்கினால், மனிதர்களுக்கும் உள்ள மருந்தாக இருந்தால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ பல மடங்கு குறைவாகக் கிடைக்கும். சோற்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் தொண்டையைப் புண்ணாக்கும். நாலாம் நாளே மணி எழுந்து ஓடினான். அதற்காக நிறுத்தவில்லை, நாலு வாரமும் கொடுத்து முடித்தோம்.

ஆனால் நீயாக நம் மாத்திரை எதையும் எடுத்துக் கொடுத்துவிடாதே. பாரசிட்டமால் ஒன்று போதும், பூனை செத்துப்போகும். அண்ணாச்சி முழங்காலுக்குப் போடுகிற வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளையே கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதனால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஓர் உயிருக்கு மருந்தாவது இன்னோர் உயிருக்கு விஷமாகலாம் என்பதை அந்தக் கழுகுகளை நினைக்கும்போதெல்லாம் வேதனையோடு உணர்கிறேன்.

பொட்டைக் குட்டி என்பதால் கருத்தடையைத் தள்ளிப்போடாதே. எந்த வயதில் செய்வது என்று டாக்டரே சொல்லட்டும், பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டிப் பேச்செடுப்பார்கள். செய்யாமல் விட்ட பெண் நாய்களுக்கு வயதானதும் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது சகஜம். அப்போது அவசர அறுவை, அதற்கு ஆகும் செலவும் ஆபத்தும் மிக அதிகம். முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். சோறு, முட்டை, மீன், கோழி போதும். தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்காதே, வளர்கிற குட்டிக்கு அது காணாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு நான்கும் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்கு என்ன கொடுப்பது என்று டாக்டரிடம் கேள். அஞ்சலகத்தில் செவலைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி மாதம் முடிந்ததைப் போட்டு வா. மணிக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், உண்ணிக் காய்ச்சல் சமயத்தில் யாரிடமும் கை நீட்டவில்லை. நாய்க்கு இன்சூரன்ஸும் வந்திருக்கிறது. எடுப்பதானால் எந்தெந்த நோய்க்குத் தரமாட்டார்கள் என்ற பக்கத்தை முதலில் படி.

மணிக்கு வயதாகிவிட்டது. மாடிப்படி ஏறத் தயங்குகிறான், பல்லிலும் காரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கு ரத்தம் பார்க்கிறோம், இதுவரை நன்றாக இருக்கிறது. இவர் கண் நன்றாக ஆறியதும் தை மாதம் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறோம். மணியை ரயிலில் கொண்டுவர முடியுமா என்று விசாரிக்க வேண்டும்.

ராமையன்பட்டி போய் வந்தால், கருத்தடைக்கு எந்தக் கிழமை பதிகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள், முதல்நாள் ராத்திரி எத்தனை மணிக்கு மேல் சோறு போடக்கூடாது என்கிறார்கள் என்று கேட்டு எழுது. தாழையூத்தில் என் அக்கா மகள் இரண்டு பொட்டை நாய்களை வைத்துக்கொண்டு இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
செல்வி