இஞ்சம்பாக்கம் போய் வந்தேன் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. சொல்ல நினைத்தது உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

போன மாதம் நீ சொன்னது எனக்கு ஆறவே இல்லை. பரோடாவில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஷெட் பிடிக்கப் போகிறீர்கள், வாடகைக்காக நீ கேட், கிரில் வேலை எடுத்துச் செய்யப் போகிறாய் என்றாய். அதைக் கேட்ட ஒருவர், 'சிற்பம் படித்துவிட்டு வெல்டிங் கடையா?' என்றாராம். அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிப் போனது. நாற்பது வருடமாக வெல்டிங் பட்டறை நடத்துகிற அப்பனிடம் இதைச் சொல்ல உனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த யோசனையில் இருக்கும்போதே சென்னையில் மாமா வீட்டு விசேஷம் வந்தது. முடிந்து ஒரு நாள் கையில் இருந்தது. திருவான்மியூரில் பஸ் ஏறி, நீலாங்கரை, வெட்டுவாங்கேணி தாண்டி இஞ்சம்பாக்கத்தில் இறங்கினேன். சோழமண்டலம் ஓவியர் கிராமம், ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உண்டாக்கி வாழ்கிற இடம். நீ முதல் வருட விடுமுறையில் வந்தபோது இந்த இடத்தைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் ஆர்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே 'ம்' கொட்டினேன். அன்று கேட்காமல் விட்டதைக் கண்ணாலாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். காலை பத்து மணிக்கு உள்ளே போனவன் வெளியே வரும்போது மணி மூன்று. சாப்பாட்டு நினைப்பே வரவில்லை.

உனக்குத் தெரிந்த கதையாக இருக்கும். ஆனாலும் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். அங்கே படித்ததும், ஊருக்கு வந்தபின் தேடிப் படித்ததும் இதில் கலந்திருக்கிறது.

அந்த இடத்தை உண்டாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது நம் கோயம்புத்தூரில், 1911-இல். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியாது. அவருடைய அப்பா இறந்துபோனதால் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். வீட்டைத் தாங்க வேறு வழி இல்லை. 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவனாகச் சேரும்போது அவருக்கு 25 வயது. அந்த வயதில் நீ படிப்பையே முடித்துவிட்டாய். அப்புறம் அதே பள்ளியில் ஆசிரியராகி, 1957-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வர் ஆனார். மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நீ சின்னப் பையனாக நின்று நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அதைச் செய்தவர்தான் ராய் சௌத்ரி.

அந்தப் பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே அங்கே கைத்தொழிலும் பாடம். மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் ஓவியம், சிற்பம் படிக்கிற பிள்ளைகளும் இந்தப் பட்டறைகளுக்குள் போய்க் கைவைத்தார்கள். சிற்பத்துக்குத் தனபால் இருந்தார். அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர் பெரிய சிற்பிகள் ஆனார்கள். அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, படித்து முடித்த பிள்ளை என்ன செய்வது? அந்தக் காலச் சென்னையில் புதுமாதிரி ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் கிடையாது. பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்தார்கள். சிலர் கைத்தறித் துறையில் டிசைன் போடுகிறவர்களாகப் போனார்கள். நல்ல மாணவர்கள் இப்படிக் கண்முன்னால் கரைந்துபோவதைப் பார்த்து ஒரு வாத்தியாருக்கு எப்படி இருந்திருக்கும்? பணிக்கர் அந்த மாணவர்களையே கூட்டி உட்காரவைத்துப் பேசினார். தினமும் கொஞ்ச நேரம் கைவினைப் பொருள் செய்வோம், அதை விற்று வயிற்றைப் பார்த்துக்கொள்வோம், மிச்ச நேரத்தில் நம் மனதுக்குப் பிடித்த ஓவியத்தை யாருக்கும் கட்டுப்படாமல் வரைவோம் என்பது அவர்கள் கண்ட வழி.

அதற்காகக் கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். முக்கியமாக பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, மறுபடி மெழுகு வைத்து, வேறு சாயத்தில் முக்கி, கடைசியில் வெந்நீரில் மெழுகை உருக்கி எடுப்பார்களே, அது. மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் நரம்பு நரம்பாக இறங்கியிருக்கும். உன் அம்மாவிடம்கூட அந்த மாதிரி ஒரு சேலை இருந்தது. பாத்திக்கும் மற்றக் கைவேலைகளும் விற்று வந்த காசைச் சேர்த்துத்தான் இஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-இல் கிராமம் பிறந்தது. நாற்பது பேர் போல இருந்திருக்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த நிலம் கிடையாது, பணக்காரர் எவரும் எழுதிவைத்த சொத்தும் கிடையாது.

இன்று அந்த ரோட்டில் நின்றால் வண்டி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அன்றைக்கு அங்கே மணலும் சவுக்கும்தான். கரண்ட் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை இப்படி ஆனதெல்லாம் 1998 வாக்கில். சோழமண்டலம் என்பது இந்தக் கடற்கரைக்கே பழைய பெயர், வெள்ளைக்காரன் கோரமண்டல் என்று சொன்னானே அதேதான். அந்தப் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சொந்தமாக வீடு கட்டி, கிணற்று நீர் குடித்து, பகலில் மெழுகும் சாயமுமாக இருந்துவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் வரைந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பட்டறைக்கு முதல் வருடம் கரண்ட் வராதபோது நானும் அப்படி விளக்கு வெளிச்சத்தில் ரம்பம் போட்டிருக்கிறேன்.

இனி நான் உனக்குச் சொல்ல வந்த விஷயம். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால், சிற்பி. 1946-இல் பிறந்து 2017-இல் மறைந்தவர். செம்புத் தகடு, பித்தளைத் தகடு, ராடு எல்லாம் வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்த சிற்பங்கள். முன்பக்கம் பார்த்து நிற்கிறவை. பார்த்தவுடன் எனக்கு நம் கோயிலில் அம்மனுக்குச் சாத்துகிற கவசம்தான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் பக்கவாட்டில் போய் ஜாயிண்டைப் பார்த்தேன். தம்பி, பித்தளையைக் கேஸில் சூடேற்றும்போது ஒரு நொடி கூடிப்போனாலும் உள்ளே இருக்கிற துத்தநாகம் புகையாகக் கிளம்பிவிடும், பற்றவைத்த இடம் பொரிந்து நிற்கும். செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டையும் ஒன்றாக உட்காரவைப்பது லேசான காரியம் இல்லை. அந்த மனிதர் அதை அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார். சில இடத்தில் மறைக்கக்கூட இல்லை, பற்றவைத்த கோட்டையே அழகாக விட்டிருக்கிறார். நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

உன் கல்லூரிக் கண்காட்சிக்கு வந்தபோதும் உன் சிற்பத்தில் நான் அதைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரயிலேறி வந்துவிட்டேன். உன் ஜாயிண்ட் சுத்தமாக இருந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

வெல்டிங் கடையா என்று கேட்டவர் இஞ்சம்பாக்கம் போய்ப் பார்க்கட்டும். அங்கே இருந்தவர்கள் சாயத் தொட்டியில் கைவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். அதனால்தான் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து வரைய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போனது. பணிக்கர் கடைசிக் காலத்தில் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற பட வரிசையைப் பார்த்தேன். மலையாள எழுத்து மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி, கணக்குச் சூத்திரம் மாதிரி என்னென்னவோ படம் முழுக்க. படிக்க முடியாது, ஆனால் ஏதோ ஓலையைப் பிரித்த மாதிரி இருக்கிறது. எந்த வியாபாரி அதை ஆர்டர் கொடுத்திருப்பான்? தன் செலவுக்குத் தானே வழி செய்துகொண்டவரால்தான் அப்படி வரைய முடியும்.

ஒரு படத்தின் முன்னால் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கே. ராமானுஜம் என்றவருடையது. மையில் கோடு கோடாக இழைத்த கனவு ஊர். மாடம், கோபுரம், பறவை, பாம்பு, நடுவே தொப்பி போட்டுக்கொண்டு அவரே. பேச்சு திக்கும், மனநோயும் இருந்திருக்கிறது. வெளியே அவரைக் கேலி செய்யாதவர் குறைவு. பணிக்கர் அவரைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார், கிராமத்தில் ஓர் இடமும் கொடுத்தார். அங்கே இருந்து அவர் வரைந்ததெல்லாம் இன்றைக்குப் பெரிய அருங்காட்சியகங்கள் தேடுகிற படங்கள். ஆனாலும் 1973-இல், முப்பதைத் தாண்டிச் சில வருடங்களிலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சுற்றிலும் அத்தனை அன்பானவர்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் ஐந்து பேரில் யாராவது நாலு நாள் பேசாமல் இருந்தால் கதவைத் தட்டுங்கள். டாக்டரிடம் கூட்டிப்போக யோசிக்காதீர்கள். நீயும் அப்படி இருந்தால் எனக்குச் சொல். ராத்திரி எந்நேரமானாலும் வண்டி ஏறிவிடுவேன்.

பணிக்கர் 1977-இல் போய்விட்டார். வாத்தியார் போனால் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கலையவில்லை. சிலர் கிளம்பினார்கள். வி. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் முன்பே பாரிஸ் போயிருந்தார்கள், வாசுதேவ் பிற்பாடு பெங்களூர் போனார். சேனாதிபதி, ஹரிதாசன், பி.எஸ். நந்தன், வெங்கடபதி என்று பலர் அங்கேயே வாழ்ந்து வேலை செய்தார்கள். அது நின்றதற்குக் காரணம், பட்டறைக்காரனாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வீடு அவரவருடையது. கண்காட்சிக் கூடமும் பொது இடமும் சங்கத்துடையது. எது என்னுடையது, எது நம்முடையது என்பதில் குழப்பம் வைக்கவில்லை. பொதுவில் வருகிற வருமானம் ஒருவர் பைக்குள் போகாமல் இடத்தின் பராமரிப்புக்குப் போகிறது. 2009-இல் அங்கே சமகாலக் கலை மையம் ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். அதற்குள் சென்னை ஓவிய இயக்கத்துக்கான, அதாவது பணிக்கரும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் வளர்த்த புதுமாதிரிக் கலைக்கான, அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியாட்கள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்க இரண்டு கூடங்கள், ஒன்றுக்கு இண்டிகோ என்றும் மற்றதற்கு லேபர்னம் என்றும் பெயர். மரத்தடியில் கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள், நாடகத்துக்கும் கவிதைக்கும் பாரதி பெயரில் திறந்தவெளி அரங்கு. நான் போன அன்று ஒரு பள்ளிக்கூட வண்டி வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் இறங்கி ஓடி ஒரு கற்சிற்பத்தைக் கட்டிப்பிடித்தார்கள். யாரும் அதட்டவில்லை.

அதனால் தம்பி, ஷெட் எடுப்பதற்கு முன் ஐந்து பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அட்வான்ஸ் யார் எவ்வளவு போட்டது, கேஸ் சிலிண்டர் யார் பெயரில், கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது, ஒருவர் நடுவில் விலகினால் அவர் பணம் எப்போது திரும்பும், பொது மிஷின் யாருடையது. நட்பாக இருக்கும்போதே எழுதுவதுதான் நல்லது. நான் என் கூட்டாளியோடு எழுதாமல் தொழில் செய்து பிரிந்தது உனக்குத் தெரியும். பணம் போனதைவிட அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாமல் இருந்ததுதான் எனக்கு இன்றும் வலி. கொஞ்சம் நிலைத்த பிறகு சங்கமாகப் பதிவு செய்யுங்கள், கணக்கை வருடா வருடம் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கேட் வேலைக்கு விலை குறைத்துச் சொல்லாதே. இரும்பு விலை, ராடு, கூலி, பெயிண்ட் எல்லாம் எழுதி அதன்மேல் உன் டிசைனுக்கும் ஒரு தொகை போடு. ஜிங்க் பூசிய பைப்பை வெல்டிங் செய்தால் புகையை இழுக்காதே, அன்று ராத்திரி காய்ச்சல் மாதிரி வரும். நல்ல மாஸ்க் வாங்கு, கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்கிற பழக்கம் வேண்டாம். காலையில் கேட் வேலை, மதியத்துக்கு மேல் உன் சிற்பம் என்று நேரத்தைப் பிரித்துக்கொள். சாயங்காலம் வாடிக்கையாளர் போன் செய்தால் எடுக்காதே. அந்த நேரம் உன்னுடையது. முப்பது வருடமாக நான் எல்லா நேரமும் போனை எடுத்தேன். உன் ஸ்கூல் டிராயிங் போட்டிக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

பட்டறையில் பழைய பித்தளைத் துண்டுகள், செம்புத் தகட்டு வெட்டுகள் இரண்டு சாக்கு சேர்ந்திருக்கிறது. வழக்கமாகக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவேன். இந்தத் தடவை எடுத்து வைத்திருக்கிறேன். பித்தளை தனியாக, செம்பு தனியாகப் பிரித்து, பிசிறு தட்டித் துடைத்தாகிவிட்டது. ஷெட் முகவரி முடிவானதும் எழுது, பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன். அம்மா அதற்குள் முறுக்கு டப்பா ஒன்றையும் வைக்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா