ஒரே உடம்பில் இரண்டு தொற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா பாசிட்டிவ் என்று வந்துவிட்டால், காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடுவதையே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதே உடம்பில் ஃப்ளூவும் இருக்கலாம். கொரோனாவோடு ஃப்ளூவும் சேர்ந்து மருத்துவமனையில் படுத்தவர்களுக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு, இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்றது 2022இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. ஃப்ளூவுக்குத் தனி மருந்து உண்டு. சோதித்துப் பார்த்தால்தானே கொடுக்க முடியும்?

பாக்டீரியா விஷயம் வேறு. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் ஆன்டிபயாடிக் தேவைப்படும் பாக்டீரியா தொற்று இருந்தவர்கள் 8 சதவீதமே. மருந்து கொடுக்கப்பட்டதோ சுமார் 75 சதவீதம் பேருக்கு. 2024இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடவே தொடாது. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதுதான் மிச்சம்.

அதற்காக அசட்டையாக இருக்கவும் முடியாது. காய்ச்சல் விட்டு, நன்றாகச் சாப்பிடத் தொடங்கி, அப்புறம் திடீரென்று குளிர் நடுக்கத்தோடு மறுபடி காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், சளி கெட்டியாகி மஞ்சளாவது என்றால் நிமோனியாவாக இருக்கலாம். பழைய மருந்துச் சீட்டோடு கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒருமுறை எடுத்த சளி மாதிரியிலேயே கொரோனாவையும் ஃப்ளூவையும் பார்க்கும் பிசிஆர் சோதனை ஏற்கெனவே இருக்கிறது. ஃப்ளூ பரவும் மாதங்களிலாவது, மருத்துவமனையில் சேரும் ஒவ்வொருவருக்கும் அதைச் செய்யச் சுகாதாரத் துறையினர் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்