நம் கடை நாய்த் தீவனம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், சூரமங்கலம் பக்கம் நாய், பூனை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், நம் கடைத் தீவனத்தால் ஒரு நாய் படுத்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அது சுற்றிச் சுற்றி என் மைத்துனருக்கே வந்து சேர்ந்துவிட்டது. நேரில் வந்து கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு கடையைத் தாண்டிப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம்மிடம் லூஸில் தீவனம் வாங்கும் ஒரு குடும்பத்தின் லாப்ரடார் சாப்பிடாமல் படுத்துவிட்டது. வாந்தி எடுத்தது, கண் மஞ்சளித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் ஈரல் பாதித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இப்போது எழுந்து கஞ்சி குடிக்கிறது என்று கேள்விப்பட்டேன், மனசுக்கு நிம்மதி. அவர்கள் தீவனத்தைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. என் வீட்டு நாய் படுத்தாலும் நான் முதலில் அதன் தட்டைத்தான் பார்ப்பேன்.

ஆனால் அந்தப் பதிவின் கடைசியில் ஒன்று வருகிறது. கடைக்காரர் “நாய் திங்கறதுதானே” என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்ட அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம், கடையில் கூட்டம். ஒரு பக்கம் மீன் தொட்டி மோட்டாரை மாற்றித் தரச் சொல்லி ஒருவர் நிற்கிறார், இன்னொரு பக்கம் தவிட்டு வண்டி வந்து இறக்கக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்த லாப்ரடார் வீட்டுக்காரர் வந்து, உங்கள் தீவனத்தால்தான் என் நாய்க்கு இப்படி ஆனது என்றார். நான் கேட்டது, “நாய் தின்னது மிச்சம் இருக்குதுங்களா, கொண்டு வாங்க, பார்க்கலாம்” என்றுதான். தின்றதில் மிச்சம் இருந்தால்தானே ஆய்வுக்குக் கொடுக்க முடியும்? அதற்காகத்தான் கேட்டேன். அந்தச் சத்தத்தில் அது அவர் காதில் எப்படி விழுந்ததோ தெரியவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. நாய் படுத்துக் கிடக்கும்போது யாருக்கும் எந்த வார்த்தையும் குத்தத்தான் செய்யும். ஆனாலும் அப்பா காலத்தில் மாட்டுத்தீவனக் கடையாக இருந்ததிலிருந்து இந்தக் கல்லாவில் உட்கார்ந்து, வாயில்லா ஜீவனை வைத்துத்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். உங்கள் நாய்களில் பாதியை எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவற்றின் முதலாளிகள் பேர்தான் சில சமயம் மறந்துபோகும். நான் போய் “நாய்தானே” என்பேனா? பக்கத்தில் நின்ற மோட்டார்க்காரரிடம் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

சரி, தீவனத்துக்கு வருகிறேன்.

அந்தப் பதிவோடு சேர்ந்து ஒரு வீடியோவும் வருகிறது, ‘நாய் உணவில் பிளாஸ்டிக் விஷம்’ என்று. அதில் சொல்லும் சம்பவம் நிஜம்தான், ஆனால் பழசு, இந்த ஊரும் இல்லை. 2007 மார்ச்சில் கனடாவைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் என்ற கம்பெனி, தான் பல பிராண்டுகளுக்குத் தயாரித்துக் கொடுத்த டின்களையும் பைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டது. மொத்தம் 6 கோடிக்கு மேல். அமெரிக்காவிலும் கனடாவிலும் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. காரணம், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் கலந்திருந்த மெலமின், தட்டு செய்கிற அதே பொருள். ஏன் கலந்தார்கள் என்பது தீவன வியாபாரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் அளப்பது நைட்ரஜனைத்தான். மெலமினில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் கலந்தால் போதும், மட்டமான மாவும் காகிதத்தில் உசத்திப் புரதமாகிவிடும். அதோடு சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு ரசாயனமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்துக்கொண்டது. அடுத்த வருடமே சீனாவில் குழந்தைப் பால் பவுடரிலும் இதே மெலமின் அகப்பட்டது. சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குப் பாதிப்பு, 6 குழந்தைகள் இறந்தன. ஆகவே அந்த வீடியோவைப் பார்த்துப் பயந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அதில் காட்டும் டின்கள் எதுவும் நம் அலமாரியில் இருந்ததே இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு நிஜமாகவே பொருந்துகிற கவலை வேறு. அது பூஞ்சை.

மாடு வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூத்துப்போன கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக்கூடாது என்று என் பாட்டியே சொல்வார். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் என்னவென்றே தெரியாத நோயில் செத்தன. தேடிப்போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதிலிருந்த பூஞ்சை நஞ்சுக்குத்தான் அப்புறம் அஃப்ளடாக்சின் என்று பேர் வைத்தார்கள். கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும், ஈரலைத் தாக்கும். நாய்த் தீவனத்தில் மக்காச்சோளம் ஒரு முக்கியச் சரக்கு என்பது பை மேலேயே அச்சாகியிருக்கும். 2020 கடைசியில் அமெரிக்காவில் மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ் என்ற கம்பெனியின் நாய்த் தீவனத்தில் இது அளவுக்கு மீறி இருந்து, 100க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அங்குள்ள அரசுத் துறைக்குப் புகார் போனது. அங்கே அனுமதிக்கும் அளவு ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம். எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள். இது கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது. வேகவைத்தாலும் போகாது. பூஞ்சை செத்த பிறகும் அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். அதனால் “மேலே பூசணமே இல்லையே” என்று நானும் சொல்ல முடியாது, “நல்லாத்தானே வாசனை வருது” என்று நீங்களும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நானே எடுத்துச் சொல்வதிலிருந்து நான் எதையும் மறைக்கவில்லை என்பது புரிந்திருக்கும். அன்று கடையில் திறந்திருந்த மூட்டையில் மேல், நடு, அடி என்று பல இடத்தில் கைவிட்டு எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறேன். நம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் மக்காச்சோளத்தைக் கொடுத்துப் பார்க்கிற இடம்தான். ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. இந்த நஞ்சு மூட்டை முழுக்கப் பரவியிருக்காது, அங்கங்கே கொத்தாக இருக்கும். முடிவு எப்படி வந்தாலும் கல்லாவுக்கு மேலே ஒட்டுவேன். அந்த லாப்ரடார் குடும்பம் வாங்கியது இந்த மூட்டையிலிருந்தா, இதற்கு முந்தைய மூட்டையிலிருந்தா என்பதை லூஸ் வியாபாரத்தில் சொல்வது கஷ்டம்.

குடோனைப் பற்றியும் கேட்கிறார்கள். மரப்பலகை போட்டு, சுவரை ஒட்டாமல்தான் அடுக்குகிறோம். ஐப்பசி மழையில் பின்பக்க ஓடு ஒழுகி நனைந்த சில மூட்டைகள் அப்போதே கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டன, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் வந்த மூட்டையை முதலில் விற்கும் வழக்கத்தை அப்பா காலத்திலிருந்து விடவில்லை. காலாவதித் தேதி தாண்டியதைப் பிரித்து லூஸில் கொட்டுகிறோம் என்பது அபாண்டம். அந்த மூட்டைகளைக் கம்பெனிக்காரர்களே கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். கொட்டி விற்று எனக்கு என்ன லாபம்?

இன்னொன்று. மழைக்காலத்தில் நாய்க்குக் கண் மஞ்சளித்தால் அதற்குத் தீவனம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வாய் வைத்தால் எலிக் காய்ச்சல் வரும், அதிலும் ஈரலும் சிறுநீரகமும் போகும். நாய்க்கு வருடா வருடம் போடும் ஊசியில் இதற்கும் மருந்து இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலும் நம் ஊரில் குறைவில்லை. நான் தீவனம் விற்பவன், மருத்துவன் இல்லை. நீங்கள் உங்கள் மருத்துவரிடம் மூன்றையும் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பயத்தில் பலர் கடைத் தீவனமே வேண்டாம், வீட்டிலேயே சமைத்துப் போடுகிறோம் என்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கம்பங்கூழும் கறித்துண்டும் தின்று வளர்ந்தவைதான். ஆனால் குட்டிகளுக்கு வெறும் சோறும் கோழிக்கறியும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து பற்றாமல் கால் வளைந்துவிடும். எவ்வளவு, எதைச் சேர்ப்பது என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெங்காயம் போட்ட குழம்பைப் பிசைந்து போடவே கூடாது. பூனைக்கு தயிர்சாதம் போட்டுச் சமாளிக்க முடியாது. டாரின் என்ற சத்து அதற்குக் கறி, மீனிலிருந்துதான் வர வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். பயந்துபோய் ஒரே நாளில் மாற்றினால் பூனை பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே ஆபத்தாகிவிடும். பழைய தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

கடைத் தீவனத்தையே தொடர்கிறவர்களுக்கு: பையைப் பிரித்ததும் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பாவின் அடியில் தங்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு சிக்கு வாடை அடித்துப் புதுத் தீவனத்தையும் கெடுக்கும். பையோடு டப்பாவில் வையுங்கள், வாயை மடித்துக் கிளிப் போடுங்கள். பையில்தான் பேட்ச் நம்பர் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆனால் கம்பெனியும் மருத்துவரும் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான். குளியலறைப் பக்கம், வெயில் படும் பால்கனி இரண்டும் வேண்டாம். ஈரக்கையோடு அள்ளவும் வேண்டாம். தீவனம் போட்டதும் கையைக் கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள். 2012இல் அமெரிக்காவில் நாய்த் தீவனத்திலிருந்த சால்மோனெல்லா கிருமியால் 49 மனிதர்களுக்கு நோய் வந்தது, கனடாக்காரர்கள் இருவர் உட்பட. சந்தேகம் வந்தால் மிச்சத் தீவனத்தைக் குப்பையில் கொட்டாமல் பையோடு கட்டி என்னிடம் கொண்டு வாருங்கள்.

நம் நாட்டில் நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்று ஒரு தர நிர்ணயம் இருக்கிறது, 2019இல் புதுப்பித்தார்கள். ஆனால் அதைக் கம்பெனிகள் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மட்டும் கட்டாயம். இதில் என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரன் என்ன செய்ய முடியும், பையில் அச்சடித்திருப்பதை நம்பித்தான் நானும் வாங்குகிறேன்.

இத்தனைக்கும் நடுவில் வழக்கம்போல வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பதிவு ஓடிய குழுவிலேயே “நான் அந்தக் கடையில்தான் வாங்குகிறேன், என் நாய் நல்லா இருக்கு” என்று எழுதிய அக்காவுக்கு நன்றி. தெருநாய்களுக்கு என்று மாதாமாதம் மூட்டை எடுக்கும் ஃபேர்லேண்ட்ஸ் தம்பிகள் ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்துக்கும் ஒன்று. ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அன்று வாங்கிய தீவனத்துக்கான பணம் உங்களுடையது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை என்பதை மட்டும் நம்புங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து நாய், பூனைத் தீவனம் கம்பெனி சீல் போட்ட பைகளில் மட்டும் கிடைக்கும். சின்னப் பையில் வாங்கும்போது கிலோவுக்கு 30, 40 ரூபாய் கூடத்தான் வரும். பில்லில் பேட்ச் நம்பரையும் எழுதித் தருகிறேன். வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்த பையன் நின்றுவிட்டான், அதனால் வேறு ஆள் கிடைக்கும்வரை நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்,
அஸ்தம்பட்டி, சேலம்.

பி.கு.: லவ் பேர்ட்ஸ் தினையும் புறாவுக்குக் கம்பும் வழக்கம்போல லூஸில் உண்டு.