கரடியை ‘சேர்’ என்று கூப்பிட்ட கதை

களுவாஞ்சிகுடி
ஆடி 20

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாள் மேசையில் கிடந்திருக்கிறது. நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து, கொப்புளம் போட்ட காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். நீ பேரப்பிள்ளைகளோடு கனடாவில் அல்கொன்குயின் காட்டில் கூடாரம் போட்டது, இரவில் கரடி வந்து சாப்பாட்டுப் பெட்டியைப் புரட்டியது, நீ சட்டியைத் தட்டிக் கத்தி விரட்டியது எல்லாம் வாசித்து நான் சிரித்த சிரிப்பில் இவள் குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். ஏனென்றால் அதே ஆனி மாதத்தில் நானும் ஒரு கரடிக்கு முன்னால் நின்றேன். என் கையில் சட்டி இருக்கவில்லை.

ஓம், இந்த வருசம் கதிர்காமத்துக்கு நடந்தே போனேன். பென்சன் எடுத்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்ட பயணம். 71 வயதில் எங்கள் அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது எனக்குச் சாக்குச் சொல்ல வாய் வரவில்லை. பொத்துவில், பாணமை, அப்புறம் உகந்தை. முருகன் கோயில் வெளியில் ஒரு இரவு. அதற்குப் பிறகுதான் உண்மையான காட்டுப்பாதை. நீ ஊரை விட்ட 1985 இல் மூடிய குமணக் காடு 2003 இல்தான் திரும்பத் திறந்தது, தெரியும்தானே. அந்தக் காட்டைக் கடந்து கும்புக்கன் ஆற்றில் ஒரு நாள். மருத மரங்களின் நிழலில் அந்தத் தண்ணீரில் கிடந்தால் எழும்ப மனம் வராது. ஆற்றைத் தாண்டினால் யாலக் காடு. நாவலடி, வியாழை என்று தங்கித் தங்கி, ஐந்து நாளில் கதிர்காமம்.

எங்கள் கூட்டத்தில் 23 பேர். பாதயாத்திரையில் எல்லாரும் சாமிதான். எட்டு வயதுப் பையனும் சாமி, அக்காவும் சாமி. வேல் தூக்கி முன்னால் நடந்த வேல்சாமி திருக்கோவில் பக்கத்து ஆள். இருபது தடவைக்கு மேல் நடந்தவர். கரடியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ‘கறுவல்’ என்பார். யானை ‘பெரியவர்’. பெரியவரைத் தூரத்தில் கண்டால் ஒதுங்கி நின்று வழி விடலாம். கறுவலைத் தூரத்தில் காண்பதே அரிது, கண்டால் கிட்டத்தில்தான் காண்பாய் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

உன் கரடிக்கும் எங்கள் கரடிக்கும் வித்தியாசம் அங்கேதான் மச்சான். உன்னுடையது உன் பெட்டியைத் தேடி வந்தது. அதனால் சாப்பாட்டை மூட்டையாகக் கட்டி மரக்கிளையில் தூக்குகிறீர்கள், இரும்புப் பெட்டிக்குள் பூட்டுகிறீர்கள். எங்கள் ஆளுக்கு நம்முடைய பருப்பும் சோறும் பெரிய விசயமில்லை. அதன் சீவியம் கறையான் புற்றில் ஓடுகிறது. மேல்தாடையில் நடுமுன்பல் இரண்டும் கிடையாது. புற்றைக் கிண்டி, மூக்கை மூடிக்கொண்டு, அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சும். உறிஞ்சுகிற சத்தம் நூறு யார் தள்ளியும் கேட்குமாம். அந்தச் சத்தத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறதுக்கு நாம் வருகிற காலடி எப்படிக் கேட்கும்? கண்ணும் அவ்வளவு கூர்மையில்லை. கிட்டே போய் முட்டும்வரைக்கும் தெரியாது, தெரிந்ததும் திடுக்கிட்டுப் பாயும். மூன்று அங்குல நகம். அனேகமாக முகத்தில்தான் விழும். சின்ன வயதில் சந்தையில் நாம் பார்ப்போமே, படுவான்கரையிலிருந்து தேன் கொண்டுவருகிற மனுசன், பாதி முகத்தைத் துவாயால் மூடியபடி. நீ பயந்து என் பின்னால் ஒளிவாய். கரடி அவரை ஏன் அப்படி ஆக்கியது என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்கியது.

இன்னொன்று. உன் நாட்டுக் கரடி பனிக்காலம் முழுக்க நித்திரை கொள்கிறது. எங்களுடையதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வருசம் முழுக்க அலைய வேண்டும். அதன் பெருநாள் ஆனி மாதம், பாலைப்பழக் காலம். மஞ்சள் மஞ்சளாய்ப் பழுத்துக் கிடக்கிற பாலை மரத்தில் ஏறியிருந்து வயிறு முட்டத் தின்னும். நாங்கள் நடக்கிற மாதமும் அதுதான். அந்த இனிப்புக்கு ஆசைப்பட்ட எங்கள் எட்டு வயதுச் சாமி, பழப்பாலில் உதடு ஒட்டிப் போய் ஒரு மணி நேரம் வாய் பேசாமல் வந்தான். நல்ல நிம்மதி.

நாவலடியில் நடந்ததைச் சொல்கிறேன். இரவில் நெருப்பு எரியும், சுற்றிவரப் படுப்போம். வெளிக்குப் போவதென்றால் இரண்டு பேராகப் போக வேண்டும், டோர்ச் அடிக்க வேண்டும், செருமிக்கொண்டு போக வேண்டும். வேல்சாமியின் சட்டம். விடியப்புறம் நாலரை இருக்கும். எல்லாரும் நல்ல நித்திரை. எழுப்ப மனமில்லாமல், டோர்ச் வெளிச்சத்தையும் விரலால் பொத்திக்கொண்டு, பூனை மாதிரி நடந்தேன். நல்ல மனுசன் என்று பெயர் எடுக்கப் போன புத்தி.

ஐம்பது அடி போயிருப்பேன். மேலேயிருந்து பழம் பொலபொலவென்று விழுந்தது. மந்தி என்று நினைத்தேன். நாலரை மணி இருட்டில் மந்தி எங்கே வரப்போகிறது என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. பிறகு மரப்பட்டை கரகரவென்று உரசும் சத்தம். பொத்திய விரலை எடுத்தேன். பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு மரத்திலிருந்து ஒரு பெரிய கறுப்பு உருவம் இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் தொப்பென்று விழுந்து திரும்பியது. பத்து அடி கூட இல்லை. முதலில் இரண்டு தலை தெரிந்தது. முதுகில் குட்டி! குட்டியை வழக்கமாக முதுகில் சுமந்து திரிகிற கரடி உலகத்தில் இந்த ஒரு இனம்தான் என்று மகன் பிறகு சொன்னான். அந்த நேரம் எனக்கு அந்த அறிவெல்லாம் இல்லை. உளுத்த மரமும் நாய் மயிரும் கலந்தது போல ஒரு வாடை மட்டும் ஞாபகம்.

ஓடக் கூடாது, அதைவிட நாம் ஓட முடியாது. மரம் ஏறக் கூடாது, அது நம்மைவிட நன்றாக ஏறும். பாய்ந்தால் குப்புற விழுந்து பிடரியையும் முகத்தையும் கையால் மூடு. இவ்வளவும் எனக்குப் பாடம். நான் ஓடவில்லை என்று அக்கா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறா. கால் வரவில்லை மச்சான், அதுதான் உண்மை. அரோகரா என்று கத்தப் பார்த்தேன். தொண்டை ஒட்டிவிட்டது. கடைசியில் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“சேர்...”

முப்பத்து நாலு வருசம் கந்தோரில் மேலதிகாரிகளை ‘சேர், சேர்’ என்று கூப்பிட்டு வேலை செய்தவனுக்கு உயிர் போகிற நேரத்தில் வேறென்ன வரும். அதுவும் குட்டி சுமந்து நின்றவளைப் பார்த்து!

அது ‘ஹூம்’ என்று ஒரு மூச்சு விட்டது. எங்கள் கந்தோரின் பழைய மேலதிகாரி லீவுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு விடுவாரே, அதே மூச்சு. மறுகா திரும்பிப் பற்றைக்குள் இடித்துக்கொண்டு போனது. குட்டி மட்டும் முதுகிலிருந்து என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வெகு நேரம் கம்பு முறிகிற சத்தம் கேட்டது. நான் போன காரியம் என்ன ஆனது என்று கேட்காதே.

வேல்சாமி ஏசவில்லை. “சத்தம் போட்டுப் போயிருந்தா அது மரத்திலேயே இருந்திருக்கும், நீங்களும் உங்கட பாட்டில போயிருப்பீங்கள், சாமி” என்றார், அவ்வளவுதான். நாங்கள் வழி நெடுக அரோகரா போட்டு நடப்பதை நான் பக்திக் கணக்கில் மட்டும் வைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு கூட்டத்தில் என் குரல்தான் பெரிய குரல். கதிர்காமம் வரைக்கும் எனக்குப் பெயர் ‘சேர் சாமி’. கட்டகாமத்தில் வேறு ஊர்க் கூட்டத்துக்கும் கதை போய், ஒரு கிழவி கும்பிட்டுவிட்டுச் சிரித்தா.

மற்றப்படி ஊர்ப் புதினம் கொஞ்சம்தான். சிறுபோகம் வெட்டத் தொடங்கிவிட்டது. இவளுக்கு முழங்கால் நோ அப்படியே. மூத்தவள் மாற்றலாகி மட்டக்களப்புக்கே வந்துவிட்டாள், சனி ஞாயிறு வீடு நிறையச் சத்தம்.

அடுத்த வருசம் ஆனியில் வரப்போகிறேன், நடக்கவும் ஆசை என்று எழுதியிருக்கிறாய். வா. கால் பழக்கத்துக்கு இப்போதே தினமும் நட. கரடிக்கு அடிக்கிற கொச்சிக்காய்த் தண்ணிப் போத்தலைக் கொண்டு வருவதாகவும் எழுதியிருக்கிறாய், அதை விட்டுவிட்டு வா. பிளேனில் ஏற்றமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடும்போது பக்கத்து வகுப்பையும் எழுப்புகிற குரல் உனக்கு. இன்னும் இருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் சேர் சாமி