நடுவர் மைக்கை மூடாதே

மதிப்பிற்குரிய பேராசிரியர் சாலமன் பாப்பையா ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டிக்குச் செல்லும் சாலையில், உங்கள் சாத்தங்குடிக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு கரிசல்காட்டு ஊரிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்செட் தொழில் செய்து, முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது வீட்டோடு இருப்பவர். நீங்கள் நடுவராக அமர்ந்த சில திருவிழா மேடைகளுக்கு மரமேறிக் குழாய் கட்டியவர் அவர். ஆகையால் எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வருவதற்கு முன்பே உங்கள் குரல் வந்துவிட்டது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு வழக்கு. கடந்த பொங்கலன்று அப்பாவுக்கும் எனக்கும் மூண்ட வாக்குவாதம் மாட்டுப்பொங்கல் முடிந்தும் ஓயவில்லை. தொலைக்காட்சி பட்டிமன்றத்தைக் கெடுத்துவிட்டது என்பது அவர் கட்சி. தொலைக்காட்சி இல்லாதிருந்தால் பட்டிமன்றம் என்ற சொல்லே என் மாணவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பது என் கட்சி. இரண்டு பேரும் உங்களையே சான்றாகக் காட்டினோம் என்பதுதான் வேடிக்கை. அதனால் வழக்கை உங்களிடமே கொண்டுவருவது முறை என்று தோன்றியது.

அப்பாவின் கட்சியை முதலில் வைக்கிறேன். அவர் பேசுவது 1980களின் மேடைகளைப் பற்றி. திருவிழா நோட்டீஸில் முதல் நாள் வள்ளி திருமணம் நாடகம், இரண்டாம் நாள் பாட்டுக் கச்சேரி, மூன்றாம் நாள் ‘மாபெரும் பட்டிமன்றம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது பதினொன்றுக்குத் தொடங்கும். ஊர்ப் பெரியவர்களுக்குத் துண்டு போர்த்தி முடிப்பதற்குள் சிறுபிள்ளைகள் பாயில் உறங்கிவிடுவார்கள். கட்சிக்கு மூன்று பேர் வீதம் ஆறு பேர் பேசி, நடுவர் தீர்ப்புச் சொல்லி முடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிடும். வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா, கற்பில் விஞ்சியவள் கண்ணகியா மாதவியா என்ற கேள்விகளைப் பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்தவர்கள் கண்விழித்துக் கேட்டார்கள். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்களும் அந்தக் கேள்விகளை இந்தப் பக்கத்து ஊர்களின் பொதுச்சொத்தாக ஆக்கியிருந்தார்கள். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. அதைப் பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் என்பதை மதுரைப் பக்கத்தவர் யாரும் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார்கள், நானும் விடவில்லை.

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். இலக்கியம் அவருக்குக் காதால் வந்ததே தவிர ஏட்டால் வந்ததில்லை. ஆனால் தொழில் தந்த அறிவு ஒன்று அவரிடம் உண்டு. பட்டிமன்ற மேடையில் மூன்று மைக் வைப்பார்: கட்சிக்கு ஒன்று, நடுவர் மேசையில் ஒன்று. பேசாதவருடைய மைக்கைக் குறைத்து வைக்காவிட்டால் குழாயில் கூவல் கிளம்பும் என்பது மைக்செட்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த பாடம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் கற்றுக்கொடுத்தது அதற்கு நேர்மாறானது: “யார் மைக்கை வேண்டுமானாலும் குறை, நடுவர் மைக்கை மட்டும் மூடாதே.” நடுவர் எந்த இடத்தில் குறுக்கே ஒரு சொல்லைப் போடுவார் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்தச் சொல் ஊருக்குக் கேட்காமல் போனால், அடுத்த ஐந்து நிமிடம் கூட்டம் எதற்காகச் சிரிக்கிறது என்பது கடைசி வரிசைக்குப் புரியாது. அவர் சிரிப்பதும், ‘ம்’ கொட்டுவதும், வியப்பில் நாக்கைச் சப்புக்கொட்டுவதும்கூடக் குழாய் வழியாகக் கண்மாய்க்கரை வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பார். கூவலுக்கு அஞ்சி எந்நேரமும் திருகில் கை வைத்தபடியே இருப்பார்.

ஐயா, உங்கள் தொழிலின் உயிர் அந்த மூடாத மைக்கில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு விநாடி மௌனம் விழுந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே பேசிக்கொண்டிருப்பவர்கள். எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பார்கள். நீங்கள் அங்கே போயும் கேட்கிற வேலையைத்தான் செய்தீர்கள். ராஜாவும் பாரதி பாஸ்கரும் வங்கிப் பணியில் இருந்துகொண்டே மேடையேறியவர்கள். அவர்கள் உலகத் தமிழர் அறிந்த பேச்சாளர்களாக வளர்ந்ததில் அவர்களுடைய ஆற்றலுக்கே பெரும்பங்கு. என்றாலும், பேசுகிறவர் சொல்லப்போகும் வேடிக்கையை முன்கூட்டியே ஊகித்திருந்தும், இப்போதுதான் முதன்முறை கேட்பவர்போல முகம் மலர்ந்து சிரிக்கும் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்ததற்கும் அதில் பங்குண்டு. என் வகுப்பில் மாணவி ஒருத்தி தட்டுத்தடுமாறிப் பேசும்போது நான் எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இனி என் கட்சி. ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, தமிழ் படித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பேராசிரியராகவும் தமிழ்த்துறைத் தலைவராகவும் இருந்தவர் நீங்கள். 1936 பிப்ரவரியில் பிறந்த உங்களுக்கு, சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்கியபோது வயது 57. உடன் பணியாற்றியவர்கள் ஓய்வூதியத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் வயதில், இளைஞர்களுக்கென்றே உண்டான ஓர் ஊடகத்தில் நீங்கள் நுழைந்தீர்கள். அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தமிழ் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் செய்தி வாசிப்பவரின் இறுக்கமான தமிழ். மறுபக்கம் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகக் கலந்து, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, ஆங்கிலம் பாதி கலந்த புதுத் தமிழ். இவற்றுக்கு நடுவே வைகைக்கரைப் பேச்சின் இழுப்போடும் ஏற்ற இறக்கத்தோடும் ஒரு தமிழ்ப் பேராசிரியர் பேசினார். மதுரைப் பேச்சென்றால் திரைப்படங்களில் அரிவாளோடு வருவது என்று பழகிப்போயிருந்த தமிழ்நாட்டுக்கு, அதே பேச்சில் திருக்குறளுக்குப் பொருள் சொல்லவும் முடியும் என்று காட்டியவர் நீங்கள். பலகுரல் கலைஞர்கள் உங்கள் குரலை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு கதை. எங்கள் பள்ளி ஆண்டுவிழாவிலும் ஆண்டுக்கொரு பாப்பையா தவறாமல் மேடையேறுகிறார்; பெரும்பாலும் கணக்கில் தேறாத பையனாக இருப்பான்.

பண்டிகை நாளன்று காலையில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே குரல் கேட்கும். அம்மா வடைக்கு மாவு அரைத்துக்கொண்டே அடுக்களை வாசலில் நின்று கேட்பார். இரவு மூன்று மணி வரை திடலில் உட்கார்ந்திருக்க அவரால் ஒருநாளும் முடிந்ததில்லை. விடிந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அப்பா நாற்பது ஊர் மேடைகளில் கேட்ட பட்டிமன்றத்தை அம்மா முதன்முதலாக முழுமையாகக் கேட்டது தொலைக்காட்சியில்தான். இதை நான் சொன்னபோது அப்பா பேச்சை மாற்றிவிட்டார். பெண்கள் ஆண்களுக்கு நேர் நின்று வாதாடி, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, கைதட்டல் வாங்குவதை எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஆண்டுதோறும் பார்த்தது எங்கே என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை. எங்கள் பக்கத்து நோட்டீஸ்களில் பெண் பேச்சாளரின் பெயரைக் காண்பது அன்று அரிது.

ஆனாலும் அப்பாவின் கட்சியில் நியாயமில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. தலைப்புகள் சுருங்கின. கம்பனும் இளங்கோவும் இருந்த இடத்தில் கணவனா மனைவியா, அந்தக் காலமா இந்தக் காலமா என்பவை வந்து அமர்ந்தன. விளம்பரங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், ஒரு பேச்சாளர் பாட்டை எடுத்துச் சொல்லி, அதை விரித்து, எதிர்க்கட்சியைச் சீண்டி, மீண்டும் பாட்டுக்கே திரும்பும் அந்தச் சாவகாசம் போய்விட்டது. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதல் கால்மணி நேரத்திலேயே அம்மா சொல்லிவிடுவார்; பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். குடும்பத்தோடு பண்டிகை கொண்டாடிக்கொண்டிருப்பவர்களிடம் கசப்பான தீர்ப்பைச் சொல்ல எந்த நடுவருக்கும் மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. திடலில் இருந்த கூட்டத்துக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. தீர்ப்புப் பிடிக்காவிட்டால் எழுந்து நின்று சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் டீக்கடையில் மேல்முறையீடு நடக்கும்.

மனக்குறை ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படத்தில் நீங்கள் நடித்த காட்சிகளில், அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் இரண்டு பெண்களின் நிறத்தைக் கேலி செய்வதற்குப் பயன்பட்டன. பாரியின் மக்களுக்கு மரபு வழங்கிய பெயர்கள் அவை. தந்தையையும் குன்றையும் இழந்து, நிலவைப் பார்த்து அவர்கள் பாடியதாக உள்ள புறநானூற்றுப் பாட்டை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், பெயரைச் சொன்னவுடன் வகுப்பில் சிரிப்பு எழுவதை நான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுடைய பறம்பு மலை எனப்படும் பிரான்மலை மதுரையிலிருந்து எட்டாத தொலைவிலும் இல்லை. எழுதியது நீங்களும் இல்லை, இயக்கியது நீங்களும் இல்லை. ஆனால் அந்தப் பெயர்களின் எடை தெரிந்தவர் அந்தக் காட்சியில் நீங்கள் ஒருவர்தானே என்று அப்பா கேட்டார்; அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பின்னாளில் புறநானூற்றுப் பாடல்களைப் புதிய வரிசையில் வகுத்து நீங்கள் உரை எழுதியபோது, அந்தப் புத்தகத்தை வாங்கி முதலில் பாரி மகளிர் பாட்டைத் தேடித்தான் படித்தேன். அதன் பிறகு சிரிக்கிற வகுப்பிடம் அந்த உரையையே வாசித்துக் காட்டத் தொடங்கினேன்.

பாடவேளையில் என் மாணவர்கள் உங்களைச் சந்திக்கும் இடம் இன்னொன்று உண்டு. நீங்கள் காலை நிகழ்ச்சியில் நாளுக்கொரு குறளாகச் சொல்லிவந்தது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் கைப்பேசியில் எந்தக் குறளைத் தேடினாலும் மு. வரதராசனார் உரை, கலைஞர் உரை என்ற வரிசையில் ‘சாலமன் பாப்பையா உரை’ என்றும் ஒன்று வந்து நிற்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கு அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், புரிகிறது என்பதால். பண்டிகை நாளில் சிரிக்க வைக்கும் தாத்தாவும் இந்த உரையாசிரியரும் ஒருவர்தான் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. 2021இல் உங்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அப்பா பழைய மைக்செட் கூட்டாளிகள் எல்லோரையும் அழைத்து, ஏதோ தமக்கே கிடைத்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி கெடுத்துவிட்டது என்று வாதிட்ட அதே வாய்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அப்பா குழாய் கட்டிய மேடைகளில், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஓர் ஒயரை இழுத்து டேப் ரெக்கார்டரில் செருகி, தமக்குப் பிடித்த பேச்சுகளைப் பதிந்து வைப்பார். தகரப் பெட்டி ஒன்றில் 42 கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏழில் நீலப் பேனாவால் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. சிலவற்றில் பூஞ்சை ஏறிவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றி, துடைத்து, ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிவருகிறேன். மாடு கத்துவதும், நடுவிலே மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமுவதும், எங்கோ ஒரு குழந்தை அழுவதும், எல்லாவற்றுக்கும் மேலே மூடப்படாத அந்த நடுவர் மைக்கின் சிரிப்பும் அவற்றில் இருக்கின்றன.

தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்தான். திருப்பிப் போடுவதற்குள் பத்து விநாடி போய்விடும். வாலி வதை என்று எழுதியிருக்கும் கேசட்டில் அந்தப் பத்து விநாடி உங்கள் தீர்ப்பின் நடுவே விழுந்திருக்கிறது. முதல் பக்கம் முடியும்போது நீங்கள் இராமன் பக்கம் இருப்பதுபோலத் தெரிகிறது. மறுபக்கம் தொடங்கும்போது கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இராமனுக்குத்தான் தீர்ப்பு என்கிறேன் நான். இல்லை, கடைசியில் வாலி பக்கம் திருப்பிவிட்டார், நான் பக்கத்தில் இருந்தவன் என்கிறார் அப்பா. நீங்கள் நாள் குறித்தால் கேசட்டோடும் அப்பாவோடும் மதுரைக்கு வருகிறோம்.

வணக்கத்துடன்,
மைக்செட்காரர் மகள்